பேக்கிங் பிரிவு

மாமனார் சுருட்டிய சுஷி வயிறு வெடித்துக் கிடந்தது.

வெள்ளரிக்காய் ஒரு பக்கம். சோறு ஒரு பக்கம். கடற்பாசித் தாள் மூங்கில் பாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அழுத்தம் சீரா இருக்கணும்னு போட்டிருக்கான்,” என்றார், கைபேசியைப் பார்த்தபடி.

அவன் மனைவி தாரிணியின் சுருள், தூக்கியதும் இரண்டாக மடிந்தது. அவனுடையதைத் தூக்கவே முடியவில்லை.

“நீங்க ஒண்ணு பண்ணுங்களேன் அத்தை,” என்றாள் தாரிணி.

அவன் சட்டென்று தன் அம்மாவைப் பார்த்தான்.

அம்மா முக்கூடலில் முப்பது வருடம் பீடி சுற்றியவள். இலை நறுக்கி, தூள் வைத்து, கம்பெனிக்கொரு நிறத்தில் நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம். பெண் பார்க்கப் போன அன்று அம்மாவுக்கு என்ன வேலை என்று மாமனார் கேட்டபோது, பேக்கிங் பிரிவு என்று சொல்லிவிட்டான். மருந்துக் கம்பெனியாக்கும் என்று அவராகவே வைத்துக்கொண்டார். இவனும் தலையை ஆட்டினான்.

ஆட்டாமல் என்ன செய்வது? குடியிருப்பின் லிஃப்டில் புகை பிடிக்காதீர் என்று பலகை மாட்டியவர் அவர். மொட்டை மாடியில் ஒரு சிகரெட் துண்டு கிடந்தால் அவசரக் கூட்டம் போடுகிறவர். மாப்பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பழக்கம் உண்டா என்பது. அந்த வாடையே எங்கள் வீட்டுக்கு ஆகாது என்றார்.

ரயில் நிலையத்திலிருந்து மாமனார் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

பேக்கிங். பேக்கிங். பேக்கிங்.

“எனக்கு இதெல்லாம் வராது தாயி,” என்றாள் அம்மா.

அவனுக்கு மூச்சு வந்தது.

“சும்மா செய்ங்க சம்பந்தியம்மா. பேக்கிங்ல இருந்தவங்கதானே,” என்றார் மாமனார்.

அம்மா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

“இல மொறமொறன்னு கெடக்கு. ஈரம் பத்தாது.”

அவன் இருமினான்.

அம்மா தண்ணீர் தெளித்தாள். கத்தரிக்கோல் கேட்டாள். தாளை ஆறாக நறுக்கினாள். மேலும் இரண்டு தாள்களை நறுக்கினாள். நாற்காலியை விட்டிறங்கித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். தட்டு மடிக்குப் போனது.

அவன் கண்ணைக் காட்டினான்.

கை ஓடத் தொடங்கினால் அம்மா யாரையும் பார்ப்பதில்லை.

ஒரு சிட்டிகைச் சோறு. ஒரு கீற்று வெள்ளரி. ஒரு உருட்டு. கட்டைவிரல் நகத்தால் தலையில் ஒரு மடக்கு.

தாரிணி படம் எடுக்கத் தயாராவதற்குள் பன்னிரண்டு கிடந்தன. எல்லாம் சுண்டுவிரல் பருமன். ஒரு முனை சிறுத்து, மறுமுனை பருத்து.

“அழகா இருக்குல்லப்பா?” என்றாள்.



மாமனார் ஒன்றை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டினார். காதருகே கொண்டுபோனார். ஒரு முனையில் ஃபூ என்று ஊதினார். உதட்டோரத்தில் செருகினார்.

இடக்கை சட்டைப் பையைத் தட்டியது. இடுப்பைத் தட்டியது. மேசையில் துழாவியது.

பிறகு நின்றது.

“என்னப்பா தேடற?”

“சோயா சாஸ்.” சுருள் உதட்டில் ஆடியது. “உள்ள இருக்கும் பாரு. எடுத்துட்டு வா.”

தாரிணி சமையலறைக்குப் போனாள்.

அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

“விட்டு எத்தன வருசமாச்சு அண்ணாச்சி?”

மாமனார் அவனைப் பார்த்தார். அவன் தன் தட்டைப் பார்த்தான்.

“இவ பொறந்தப்போ,” என்றார். “இருபத்தேழு வருசம்.”

“பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அம்மா பதின்மூன்றாவதை எடுத்தாள்.

மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சமையலறையில் அலமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பேக்கிங்ல எந்தக் கலர் நூல் சுத்துவீங்க? சிவப்பா, பச்சையா?”

“பச்ச.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுருளை ஒருமுறை ஆழமாக இழுத்தார்.