அக்கா ஊரில் பச்சை விளக்கு

"நாட்டுக்கே இன்டர்நெட் போடுற ஆபீஸ்ல உக்காந்திருக்க, சொந்த அக்கா ஊருக்கு லைன் இல்லையேடா!"

குன்றின் மேல் ஏறி நின்றால்தான் அக்காவின் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமாவுக்கு நெஞ்சு வலிடா. பெரிய டாக்டர்கிட்ட வீடியோவுல காட்டணும்னு நர்ஸம்மா தவியா தவிக்குது."

திட்டப் பொறியாளனான தம்பி சுவரிலிருந்த பெரிய வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தான். ஓர் ஊருக்கான இன்டர்நெட் பெட்டி உயிரோடிருந்தால் அந்த ஊரின் விளக்கு பச்சையாக எரியும். அக்காவின் ஊர் ஒரு மாதமாகவே பச்சை.

"இங்க பச்சையா இருக்குக்கா. ஆஸ்பத்திரியில இருக்கிற பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லு."

"இரு, கூட வந்த ஆளைக் கீழ அனுப்புறேன்."

சற்றைக்கெல்லாம் பச்சை, சிவப்பானது.

"பாத்தியா, அணைச்சுட்டாங்க! திரும்பப் போட்டதும் வந்துடும்."

"அனுப்பின ஆள் இன்னும் பாதி வழிகூட இறங்கலையேடா!"

அவன் மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தான். அதற்குள் டீ போடும் அம்மாள் பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், அலமாரியில ஒரு பெட்டி சும்மா மின்னிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டு கெட்டிலை மாட்டிட்டேன், பரவாயில்லையா?"

ஓடிப் போய்ப் பார்த்தான். பெட்டியின் மேல் அக்காவின் ஊர்ப் பெயர். கீழே அவனுடைய கையெழுத்திலேயே, 'சோதித்தாயிற்று. ஊருக்கு அனுப்பவும்.'

காதில் அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, பச்சை வந்துடுச்சா? மாமாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லட்டுமா?"