நிறையக் கற்றுக்கொண்டேன்

"பொண்ணு கேட்டு அலையறவனுக்கு வீட்டுப்பாடம் எழுத நேரம் எங்கேர்ந்து வரும்?"

ஷுரூக் இதை முணுமுணுக்கவில்லை. முன்வரிசையில் இருந்த குதைபாவின் காதில் நன்றாக விழட்டும் என்றே சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேராசிரியை இக்லாஸ் மதிப்பெண் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். உளவியல் பாடத்துக்கு அவர் செய்திருந்த ஏற்பாடு இதுதான்: வாரம் ஒருவர், வகுப்புக்கென்று இணையத்தில் இருக்கும் பக்கத்தில் ஒரு கட்டுரை போட வேண்டும். மற்ற இருபத்திரண்டு பேரும் அதைப் படித்து, என்ன கற்றுக்கொண்டோம் என்று கீழே நாலு வரி எழுத வேண்டும். எழுதினால் ஐந்து மதிப்பெண் வரை கிடைக்கும்.

ஒன்பதாவது வாரம் பயானின் முறை. மனச்சோர்வில் விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி, பெயர் சொல்லாமல் எழுதியிருந்தாள். குதைபாவைத் தவிர எல்லாரும் கீழே எழுதிவிட்டார்கள்.

"இந்த அஞ்சு இல்லேன்னா நீ பாஸாக மாட்டே, குதைபா. ஒரு வருஷம் வீணாயிடும். காரணத்தைச் சொல்லு, நியாயமா இருந்தா போட்டுடறேன்."

"காரணம் ஒண்ணும் இல்ல, மேடம்."

"கட்டுரையைப் படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன். கீழே எழுதத் தோணல."

பேராசிரியை பெருமூச்சு விட்டுப் பூஜ்யம் போட்டார்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் வழிமறித்தாள் ஷுரூக்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீயும் உங்கம்மாவும் குனாஃபா இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பயான் வீட்டுப் படி ஏறினதை எங்க சித்தி பாத்துட்டாங்க. அன்னிலேர்ந்து பத்து நாளா அவ காலேஜுக்கு வரல, போனும் எடுக்கல. பிடிக்கலேன்னு சொல்லியிருப்பா, நீ விட்டிருக்க மாட்டே. உன்னால ஒரு பொண்ணு படிப்பே போச்சு."

அவன் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "நீ அவ வீட்டுக்குப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"நான் எதுக்குப் போகணும்? அவளா சொல்லட்டும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் ஷுரூக்.

அவளுக்குப் பயான் மேலும் கோபம்தான். அந்தக் கட்டுரையைப் போட்ட அன்று காலையில்கூட, ஆசை ஆசையாக வைத்திருந்த பித்தளைக் காப்பிச் செம்பைக் கொண்டுவந்து, "இனிமே நீயே வச்சுக்கோ" என்று கையில் திணித்தவள். அவ்வளவு உயிர்த்தோழி, பெண் கேட்டு வந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சாயங்காலம் ஷுரூக் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பயானின் அம்மா நின்றிருந்தார். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது முகத்தில்.

"பயானோட காப்பிச் செம்பு உன்கிட்ட இருக்காமே, மகளே. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஷுரூக்குக்குச் சுருக்கென்றது. "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறாளா? ஏன், கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?"

"கல்யாணமா?" அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அம்மாவும் பிள்ளையும் குனாஃபாவோட வந்தா வேற என்ன நினைக்கிறது? காப்பி போடப் போனா செம்பைக் காணோம். வேற பாத்திரத்துல போட்டுக் கொண்டுவந்தேன். அந்தம்மா கோப்பையை வாங்கிக் கீழே வச்சுட்டாங்க. பொண்ணு கேட்டு வர்றவங்க, சம்மதம் சொல்றவரைக்கும் குடிக்க மாட்டாங்களே. சரி, அதுதான்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"'உங்க பொண்ணைக் கேட்டு வரல, உங்க பொண்ணை விட்டுடாதீங்கன்னு சொல்ல வந்திருக்கோம். இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுங்க, அப்பத்தான் காப்பியைத் தொடுவேன்'னாங்க."

ஷுரூக் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வயசுப் பையன் தனியா வந்தா தெரு தப்பாப் பேசும்னு அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கான். 'பயான் அந்தக் கட்டுரையில யாரோ ஒரு பொண்ணைப் பத்தி எழுதல, தன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கா'ன்னு சொன்னான். பெத்தவ எனக்குத் தெரியல, மகளே. அவ அறையில போய்ப் பாத்தா அலமாரி பாதி காலி."

"இப்ப எங்கே இருக்கா?"

"ஆஸ்பத்திரியில. உயிருக்கு ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு அந்தப் பையன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன், பொண்ணு பேர் கெட்டுடும்னு. நீ உயிர்த்தோழியாச்சேன்னு உன்கிட்ட சொல்றேன். இத்தனை நாளா வாயே திறக்காதவ, இன்னிக்குக் காலையில 'என் செம்பு எங்கேம்மா?'ன்னா. திருப்பிக் கேக்கறாளே, நல்லதுன்னு டாக்டர் சொல்றார்."

ஷுரூக் அடுப்படிக்கு ஓடினாள். செம்பின் அடியில் காலையில் போட்ட காப்பித்தூள் இன்னும் படிந்திருந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பயானின் அம்மா போனபின் வகுப்புப் பக்கத்தைத் திறந்தாள். பயானின் கட்டுரைக்குக் கீழே முதலில் இருந்தது ஷுரூக் எழுதியதுதான். அன்றைக்கு அந்தச் செம்பிலேயே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு எழுதியது.

'தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது மிக முக்கியமான அறிகுறி. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அழகாக விளக்கியிருக்கிறாய், பயான். நிறையக் கற்றுக்கொண்டேன்.'

பக்கத்திலேயே பேராசிரியை போட்ட மதிப்பெண்ணும் இருந்தது. ஐந்துக்கு ஐந்து.