நாளைய தேதி கீறிய குச்சி

டெக்சாஸில் அந்த எரிவாயுக் கிணற்றைத் தண்ணீர் அடைத்திருந்தது. அது வெளியேறாவிட்டால் கிணற்றையே மூடிவிடுவார்கள். தண்ணீரை நுரையாக்கி மேலே தள்ள எத்தனை சோப்புக் குச்சி போதும் என்று தினமும் போட்டுப் பார்த்தான் கிணற்றைக் கவனிக்கும் வெண்டல். ஒவ்வொன்றிலும் அன்றைய தேதியைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் உள்ளே போடுவான்.

ஆறாம் தேதி காலை கிணற்றின் மூடியைத் திறந்தான். கரையாத குச்சி ஒன்று மேலே வந்து நின்றது. அதில் ஏழு என்று அவன் கையெழுத்திலேயே கீறியிருந்தது.

அலுவலகத்து லோர்னா போனில் சிரித்தாள். “கண்ணாடியப் போட்டுட்டுப் பாருய்யா.”

மறுநாள் வந்த குச்சியில் எட்டு. கிணற்றில் எரிவாயு நன்றாகவே வந்தது. அவன்தான் அன்றைய குச்சியில் ஏழு என்று கீறியதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு உள்ளே போட்டான்.

எட்டாம் தேதி ஒன்பது வந்தது. கீறல் அழகாக இருந்தது. அவன் கையெழுத்து இல்லை.

“லோர்னா, நாளைக்கு இங்க ஆள மாத்துறீங்களா?”

“உன்ன விட்டா அங்க யாருய்யா போவா? நீ இருக்கிற வரைக்கும் நீதான்.”