மயிலாளின் வாய்

"நதியா முழுகாம இருக்கறா போல இருக்குதுங்க."

டீ டைமில், இருபது பேர் நடுவில், மயிலாள் இதைச் சொன்னாள். சூப்பர்வைசரிடம்தான் சொன்னாள். ஆனால் மெஷின்கள் நின்றிருந்த நேரம். கடைசி டேபிள் வரைக்கும் கேட்டது.

நதியா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். புருஷன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நல்லூரில் இந்த பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். எட்டாவது படிக்கிற மகளைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு வாரமாக அவள் காலையில் வாந்தி எடுப்பது எல்லாருக்கும் தெரியும். வயிற்றில் கேஸ் என்று அவளே சொல்லியிருந்தாள், எல்லாரும் நம்பினார்கள். இப்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னக்கா பேசுதீங்க?" நதியா எழுந்து நின்றாள்.

செக்கிங் டேபிளில் முப்பது வருஷமாக நிற்கிற மயிலாள் அசரவில்லை. "இல்லீன்னா ஆஸ்பத்திரிக்குப் போயி இல்லீன்னு எழுதி வாங்கிட்டு வா கண்ணு. எல்லாரு முன்னாலயும் நான் மன்னிப்புக் கேக்கறேன்."

நதியா அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த லேடி டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள் நதியா. எதற்கு என்று டாக்டர் விசாரித்தார். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் எழுதினார். ஆனால் தாளை உடனே கொடுக்கவில்லை. அப்படியென்றால் வாந்தி எதனால் வருகிறது என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்றதற்கு நதியா பொதுவாக வயிற்றைக் காட்டினாள். ஆனால் பரிசோதனை மேஜையில் ஏறும்போது அவள் வலது காலை மடக்கியே வைத்திருந்ததை டாக்டர் கவனித்துவிட்டார்.

நிறைய நேரம் கேட்ட பிறகுதான் நதியா காட்டினாள். வலது தொடை இடுக்கில், சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சுற்றிலும் சிவந்திருந்தது.

நாலு மாசமாக இருக்கிறதாம். முதலில் படுத்தால் உள்ளே போய்விடுமாம். ஒரு வாரமாகப் போகவில்லையாம்.

சர்ஜன் விஜயகுமாரியை வரவழைத்தார்கள். பார்த்ததும் குடலிறக்கம் என்றார். ஆனால் அவருக்கே ஒரு சந்தேகம். குடல் மாட்டியிருந்தால் வயிறு உப்ப வேண்டும், மலம் நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆனால் காய்ச்சல் இருக்கிறது. தொட்டாலே துடிக்கிறாள். நெறி கட்டியிருக்கிறதா, வேறு ஏதாவதா?

ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. கட்டிக்குள் ஒரு புழுவைப் போல வளைந்து கிடந்தது குடல்வால்.

"குடல் இறங்கி வர்றது உண்டும்மா. அப்பென்டிக்ஸ் வந்து இந்த எடத்துல மாட்டிக்கறது ரொம்ப அபூர்வம். என் பதினெட்டு வருஷத்துல நீங்க ரெண்டாவது ஆள்" என்றார் விஜயகுமாரி. அது வீங்கிச் சீழ் வைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்தார். குடல்வாலை எடுத்துவிட்டு, அது இறங்கி வந்த துவாரத்தையும் தைத்து மூடினார்.

விஷயம் கம்பெனிக்குத் தெரிந்தது. அதோடு எல்லாருடைய கோபமும் மயிலாள் மேல் திரும்பியது. சாவோடு போராடினவளைப் பற்றி என்ன பேச்சுப் பேசினாள் என்று யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் எல்லார் முன்னாலும் சொன்னபடி மன்னிப்பு மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அவளைப் பார்த்ததும் நதியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒங்களுக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்க்கா?"

மயிலாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பண்டலைத் தூக்கறப்பெல்லாம் கையி அந்த எடத்துக்குப் போகும். பாத்துட்டே இருந்தேன். என்ற தங்கச்சி பூவாத்தாளும் அப்படித்தான் கைய வெப்பா. அந்த எடத்தப் போயி டாக்டருகிட்ட எப்படிக் காட்டறதுன்னு மறைச்சே வெச்சிருந்தா. குடலு அழுகி, கோயமுத்தூரு கொண்டு போறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா."

நதியா மெதுவாகத் திரும்பினாள். இதைத் தன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"மூணு தடவ ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டேன். கேஸுன்னுட்டே. உசுருக்குப் பயந்து நீ போக மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. மானத்துக்குப் பயந்தாப் போவேன்னு நெனச்சேன் கண்ணு."

நதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். வேலைக்குத் திரும்பியதும் முதல் நாளே இதை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

மயிலாள் பதறிப் போனாள்.

"சொல்லிப்போடாதே கண்ணு. பேக்கிங்ல மோனிஷா மார்ல ஒரு கட்டிய மறைச்சிட்டுத் திரியறா. எத்தன தடவ கூப்புட்டும் வரமாட்டேங்கறா. நாளைக்குத்தான் அவளப் பத்தி ஏதாச்சும் சொல்லோணும்."