சோடா அங்கே, ரொட்டி இங்கே

"உனக்கே இது நல்லா இருக்கா, கீயானா?"

ஒடெசா கல்லாவை விட்டு எழுந்தே விட்டாள்.

கீயானாவின் கையில் கனமான பை. உள்ளே நாலு பெரிய கோலா பாட்டில். எதிர்க்கடை யூனிடம் வாங்கியது. அதைத் தரையில் வைத்துவிட்டு, "ஒரு ரொட்டி, ஒரு டஜன் முட்டை குடுங்க மிஸ் ஒடெசா" என்று சாவகாசமாகக் கேட்கிறாள்.

"சோடா அங்க, ரொட்டி மட்டும் இங்கயா?"

"அங்க பாட்டிலுக்கு ஒரு டாலர் கம்மி. மிச்சம் பிடிக்கறது பாவமா?"

"உன் பாப்பா போற இலவசப் பாலர் பள்ளிக்கூடம் யார் காசுல நடக்குது? இந்த சோடா வரியிலதான். பள்ளிக்கூடம் மட்டும் வேணும், வரி வேணாம். நல்ல நியாயம்டி!"

கீயானாவின் முகம் சுருங்கியது. "அந்தப் பள்ளிக்கூடம் இல்லேன்னா நான் வேலைக்கே போக முடியாது. ஒத்துக்கறேன். ஆனா என் சம்பளம் ஏறலையே. நான் என்ன பண்ணட்டும்?"

ஒடெசா ரொட்டியை எடுத்து வைத்தாள்.

புத்தாண்டு பிறந்ததும் பிலடெல்பியா நகரம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. செல்டனம் சாலையின் இந்தப் பக்கம் நகரம். யூனின் கடை இருக்கும் அந்தப் பக்கம் வேறு ஊர், வரி கிடையாது. சிக்னல் விழுந்தால் ஒரே ஓட்டத்தில் கடந்துவிடலாம்.

சோடா வாங்கப் போனவர்கள் சோடாவோடு நின்றார்களா? கையோடு ரொட்டி, பால், முட்டை, குழந்தைக்கு டயபர், எல்லாமே அங்கேதான். ஒடெசா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். குளிர் விடுவதற்குள், மதியம் கடையைப் பார்த்துக்கொண்ட பெர்னடீனை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்து இழுத்து மூட வேண்டியது கடைதான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் இந்த அதிசயம். சோடாப் பையோடு திரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக இவள் கடைப் படியேற ஆரம்பித்தார்கள்.

"ஆமா, இதையும் அங்கயே வாங்கித் தொலைக்கறதுக்கென்ன?" என்று கீயானாவிடமே கேட்டாள் ஒடெசா.

"அவர்கிட்ட இல்லையே. ரொட்டி இல்ல, பால் இல்ல, முட்டை இல்ல. கேட்டா, அந்தம்மா கடைக்குப் போன்னு கை காட்டறார்."

"காட்டாம என்ன செய்வார்? சோடா அடுக்கவே இடம் பத்தாது. பேராசை பிடிச்ச மனுஷன். கொழுத்த வியாபாரத்தைத் தனக்கு வச்சுக்கிட்டு, மிச்சம் மீதியை என் பக்கம் தள்ளி விடறார்!"

பல வருஷமாக எதிரெதிரே கடை. ஆனாலும் யூனோடு அவளுக்குப் பேச்சு என்று எதுவும் கிடையாது. வாசலில் பனி அள்ளும்போது இருவரும் கையசைத்துக்கொள்வதோடு சரி.

அந்த நேரம் பார்த்து ரொட்டி வண்டிக்கார விட்டோ தட்டுகளோடு உள்ளே வந்தான்.

"என்ன மகாராணி, நேத்து போட்டதும் காலியா? நாளையிலேர்ந்து ரெண்டு தட்டு கூடப் போடட்டுமா?"

ஒடெசா யோசித்தாள். சரி என்று சொல்லி, யூன் நாளைக்கே மறுபடி ரொட்டி வைத்துவிட்டால்? இங்கே அத்தனையும் பூஞ்சை பூத்துப் போகும். இன்னொரு அடி வாங்கக் கடையில் தெம்பில்லை.

"கொஞ்சம் கடையைப் பாத்துக்கோ விட்டோ. அந்த ஆளையே கேட்டுட்டு வந்துடறேன்."

விறுவிறுவென்று சாலையைக் கடந்து யூனின் கடைக்குள் நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

சோடா ஒரு சுவரோரம் மட்டும்தான் இருந்தது. ரொட்டி அலமாரி காலி. முட்டைத் தட்டு காலி. பால் வைக்கும் குளிர்பெட்டி விளக்கணைந்து கிடந்தது. எல்லாம் துடைத்துச் சுத்தமாக.

யூன் பதறி எழுந்தார். "வாங்க, வாங்க. ஏதும் பிரச்சினையா?"

"இதெல்லாம் ஏன் காலியா கிடக்கு?"

"நிறுத்திட்டேன்மா."

"விக்கலையா?"

"நல்லாத்தான் வித்துது."

"ரொட்டிக்காரனோட சண்டையா?"

"விட்டோவோடயா? அவனோட யாரால சண்டை போட முடியும்?"

"அப்போ திரும்ப எப்போ வைப்பீங்க? மறைக்காம சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் சரக்கு எடுக்கணும்."

"வைக்கப் போறதில்ல. நீங்க தைரியமா எடுங்க."

ஒடெசாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. "விக்கற சரக்கை எந்த வியாபாரியாவது நிறுத்துவானா? என்ன, எனக்குப் பிச்சை போடறீங்களா?"

யூன் கண்ணாடி வழியாக எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"இங்க உக்காந்து எத்தனை வருஷமா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன். இப்ப இங்க வர்ற அத்தனை முகமும் உங்க கடைக்குள்ள போன முகம்தான். சோடாவுக்கு வரி போட்டாங்க, சோடா இந்தப் பக்கம் வந்துடுச்சு, சரி. ரொட்டிக்கு யாரும் வரி போடலையேம்மா... அது உங்களோடதுதானே?"