பட்டறை காலியான அன்று

பட்டறை காலியாக இருந்தது.

மேஸ்திரி தீர்த்தகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். நேற்று பூமாலையும் எலுமிச்சம்பழமுமாக லாரி கிளம்பிப் போன இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் கிடந்தது. அடுத்த வண்டி வந்து சேரவில்லை.

மூன்று வருஷமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனியிலிருந்து லாரி முழு லாரியாக வருவதில்லை. இன்ஜின், சக்கரம், இரும்புச் சட்டம், அவ்வளவுதான். எலும்புக்கூடு மாதிரி இருக்கும் அதற்குப் பெயர் சேசிஸ். கேபின் கட்டி, பலகை அடித்து, பெயிண்ட் பூசி அதற்கு உடம்பு கொடுப்பது நாமக்கல் பட்டறைகள்.

இங்கே யாரும் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர, "நாளைக்கு வந்துருங்க" என்ற ஒரு சொல் போதும்.

விலகுவதற்குத்தான் சட்டம் உண்டு. பாதி வண்டியில் யாரும் போகக் கூடாது. கட்டுகிற கை நடுவில் மாறினால், அந்த லாரி முதல் மலைப்பாதையிலேயே கவிழும் என்பார்கள். ஆகவே நின்றுகொள்கிறேன் என்று ஆள் சொன்னாலும் சரி, நின்றுகொள் என்று முதலாளி சொன்னாலும் சரி, அப்போது பட்டறைக்குள் வண்டி இருக்கக் கூடாது.

சட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. முதலில் முதலாளி வாய் திறந்தால், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆள் வாய் திறந்தால் ஒரு துண்டு போர்த்துவதோடு சரி.

தீர்த்தகிரிக்குத் துண்டே போதும். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பட்டறையையே பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். ஆடியில் புது வேலை தொடங்குகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. நாளை ஆடி ஒன்று. இன்று பொழுது சாய்வதற்குள் அங்கே போய் ஒரு ஆணியாவது அடித்தாக வேண்டும்.

இத்தனை நாளும் பட்டறை காலியானதே இல்லை. ஒரு வண்டி வெளியே போவதற்குள் அடுத்தது உள்ளே வந்து நிற்கும். முதலாளி தீனதயாளன் தன்னைக் கட்டிப்போடச் செய்கிற தந்திரம் அது என்று தீர்த்தகிரி கண்டுபிடித்து வைத்திருந்தார். தன் கை இல்லாவிட்டால் பட்டறை படுத்துவிடும் என்று அந்த மனிதருக்குப் பயம். ஊரில் முட்டை லோடு பெருகியதால்தான் வண்டிமேல் வண்டி வந்தது என்று தீர்த்தகிரியிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

"உங்கள உட்டா அவருக்கு ஆளே இல்லீன்னு நீங்கதான் சொல்லிக்கறீங்க" என்பாள் அவர் மனைவி நல்லம்மாள். அவளுக்குத் தொழில் தெரியாது.

சேசிஸ் உள்ளே நுழைவதற்குள் சொல்லிவிட வேண்டும். தீர்த்தகிரி வேகமாக முதலாளி அறைக்குப் போனார்.

வழக்கமாகக் காதோடு ஒட்டியிருக்கும் போன் இன்று மேசைமேல் குப்புறக் கிடந்தது. தீனதயாளன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறியைத் தீர்த்தகிரி பக்கம் திருப்பினார். டீ வந்தது. தீனதயாளன் வாங்கிக் கொடுக்கிற டீ என்பது அமாவாசை நிலா மாதிரி. தீர்த்தகிரி அதையும் பயத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

"வண்டி டோல்கேட்டத் தாண்டிருச்சாமுங்க மேஸ்திரி. எந்நேரம் வேணாலும் வந்துரும்" என்றார் தீனதயாளன், வாசலைப் பார்த்தபடி. "ஏதோ சொல்லோணும்னு வந்தீங்களே?"

மிரட்டிப் பார்க்கிறார். தீர்த்தகிரி டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்தது.

"நான் நின்னுக்கறனுங்க."

தீனதயாளன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், ஆடிப்போய்விட்டார் என்று தீர்த்தகிரி நினைத்தார். முதலாளி மேசை டிராயரைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு புதுத் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்.

"உங்க கை மாதிரி வருமுங்களா. செரி, போகோணும்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் எப்படித் தடுக்கறது?"

தீர்த்தகிரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று வருஷத் தந்திரத்தை ஒரு வாய் டீயில் முறியடித்தாயிற்று. சாமான் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க மதில் ஓரமாக நடந்தார். சேசிஸ் எதிரே வந்தால் டிரைவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்றுகூட நினைத்தார். நல்ல மனுஷன், தாமதமாக வந்து காப்பாற்றினான்.

மதில் திரும்புகிற இடத்தில், புங்கமர நிழலில், சேசிஸ் நின்றுகொண்டிருந்தது.

இன்ஜின்மேல் காக்கை எச்சம் காய்ந்து வெளுத்திருந்தது. கேபின் இல்லாத வண்டியில் சீட்டுக்காகக் கட்டிய பலகையில் டிரைவர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சக்கரங்களைச் சுற்றி ஒரே தோல். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள், மடியில் ஒரு தச்சுச் சாமான் பெட்டியோடு.

"ஏனுங்கண்ணா" என்றார் டிரைவர். "உள்ள ஒரு மேஸ்திரி என்னமோ சொல்லோணுமாம். அவரு சொல்லிட்டுப் போனாத்தான் வண்டிய உள்ள உடோணும்னு ஓனரு காத்தால இருந்து நிறுத்தி வெச்சிருக்காருங்க. சொல்லிட்டாருங்களா?"

தீர்த்தகிரி வண்டி திரும்புவதற்கு வழிவிட்டு மதிலோடு ஒதுங்கினார்.

"சொல்லிட்டாருங்க" என்றார்.