கிணற்று நீரில் கழுவிய மோட்டார் சைக்கிள்

வங்காலைக் கடலோர ஊர் வெயிலில் சிவப்பு மோட்டார் சைக்கிள் புதிதுபோலப் பளபளக்கிறது. சென்றிப் பொயின்ர் காவலரணில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோன புருசன் திரும்பி வந்து ஏறி ஓடவேண்டும் என்று, இரண்டு வருசமாக அன்ரோனெற் அதைத் தினமும் கழுவித் துடைக்கிறாள். இன்று மெக்கானிக் சிங்கராசா பெற்றோல் தாங்கியின் அடியைத் தொட்டுப் பார்க்கிறான். விரல் உள்ளே போகிறது. துரு செதில் செதிலாக உதிர்கிறது. "எந்தத் தண்ணியில அக்கா கழுவினனீங்கள்?" "வீட்டுக் கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணி குடிக்கவே காணாது, தம்பி." "அது உப்பெல்லோ! ஓடாமல் நிண்டு எஞ்சினும் இறுகிப்போச்சு. இனிப் பழைய இரும்புக்குப் போடத்தான்." "ஐயோ, அவர் வந்து கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" சிங்கராசா கையை உடுத்திருக்கும் சாரத்தில் துடைக்கிறான். "நான்தான் பழுதாக்கினதெண்டு சொல்லுங்கோ." கேட்க ஒருவரும் வரப்போவதில்லை என்பதுபோல அவ்வளவு லேசாக அவன் பழியை ஏற்றுக்கொள்வதைக் கேட்டதும்தான், அன்ரோனெற் நிலத்தில் குந்திவிடுகிறாள்.